ஐடிலில் நிற்காத வண்டிகள்

கார்புரேட்டர் ரிப்பேர்காரனிடம் கார் வராது, கார்புரேட்டர் மட்டும்தான் வரும். ஆளும் பெரும்பாலும் வரமாட்டார்.

ஊரப்பாக்கத்தில் வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை, ஒரு லேத். பழைய கார்களில் பெட்ரோலோடு காற்றைக் கலக்கும் கார்புரேட்டருக்குள், ஆக்சிலேட்டரை மிதித்தால் திரும்புகிற சின்னக் கம்பி ஒன்று உண்டு. த்ராட்டில் ஷாஃப்ட் என்போம். வருஷக்கணக்கில் திரும்பி அதுவும் தேயும், அது உட்காரும் துளையும் தேயும். அந்த இடுக்கில் காற்று புகுந்தால், மிதியை விட்டதும் வண்டி ஐடிலில் நிற்காமல் அணைந்துபோகும். துளையைப் பெரிதாக்கி, புஷ் என்கிற பித்தளை வளையத்தை இறக்கி, புது ஷாஃப்ட் கடைந்து போடுவது என் வேலை. மனைவி இறந்தபின் பேச ஆளில்லை. நீங்களும் நாள் முழுக்கத் தனியாக உட்கார்ந்து வேலை பார்க்கிறவராக இருந்தால், மேற்கொண்டு விளக்கவே வேண்டாம்.

பதினோரு மணி போன்

திருப்போரூர் ஏழுமலை கல்யாணங்களுக்குப் பழைய அம்பாசிடர் வாடகைக்கு விடுகிறவர். முகம் பார்த்ததில்லை. கார்புரேட்டரை பஸ்ஸில் கொடுத்தனுப்பிவிட்டு, தினமும் பதினோரு மணிக்கு முடிந்ததா என்று கேட்பார். அப்படியே பேச்சு வேர்க்கடலைக்கும் முட்டிவலிக்கும் போகும்.

நாலாம் நாளே வேலை முடிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. புஷ் சரியாக உட்காரவில்லை என்று இன்னும் எட்டு நாள் ஓட்டினேன். அதற்கு மறுநாள் ஏழுமலை, ஒரு கல்யாணத்துக்கு ஒத்துக்கொண்டுவிட்டேன், வேறு வண்டிக்கு அலைகிறேன் என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. உடனே கார்புரேட்டரை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். மறுநாள் பதினோரு மணிக்குக் கூப்பிட்டார்.

“வண்டி ஐடில்ல அணையாம கல்லு மாரி நிக்குது அண்ணாத்த. இனிமே உன்ன பேஜாரு பண்ண மாட்டேன், போனே வராது.”

கேட்டருகே ஸ்டெல்லா

புதுப்பட்டினத்து ஸ்டெல்லாவின் கணவர் டாக்சி ஓட்டியவர். அவர் இறந்தபின் ஒரு வருஷமாக நின்ற வண்டியை ஓட வைக்கவேண்டும் என்றார். உப்புக்காற்றில் எல்லாமே இறுகியிருந்தது. வேலையை முடித்து நானே எடுத்துப்போய் மாட்டினேன். இன்ஜின் ஒரே சீராக ஓடியது. எனக்குப் பெருமை.

கேட்டருகே நின்ற ஸ்டெல்லாவின் முகம் மாறிவிட்டது. முன்பெல்லாம் கணவர் வரும்போது வண்டிச் சத்தம் ஏறி ஏறி இறங்குமாம். தெருமுனையிலேயே அது கேட்கும், உடனே இவர் சோற்றை வடிப்பாராம். அந்த ஏற்ற இறக்கம் தேய்ந்த ஷாஃப்டின் வேலை என்று எனக்குத் தெரியும். பழையதையே திரும்பப் போட்டுவிடட்டுமா என்று கேட்டேன்.

“வேணாம்ணா, ஓடட்டும். ஆனா வேற யாரோ வர்ற மாரி கீது.”

கெடுத்த வேலை

செங்கல்பட்டு சின்னப்பன் ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர். அவருடையது வெளிநாட்டுக் கார், பாகம் எங்கும் கிடைக்காது. துளையைப் பெரிதாக்கும்போது ரீமர் என்கிற கருவி சாய்ந்து, கார்புரேட்டர் உடம்பே விரிசல் விட்டுவிட்டது. என் கை செய்த தப்பு. மூன்று நாள் அவர் கூப்பிட்டும் நான் போனை எடுக்கவில்லை. பிறகு அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ரயிலேறினேன்.

வாசலிலேயே சொல்லிவிட்டேன். விரிசலைத் தடவிப் பார்த்தார். உள்ளே போனார். திட்டு வாங்கத் தயாராக நின்றேன். இரண்டு டம்ளர் டீயோடு வந்தார். அந்த வீட்டிலும் வேறு யாருமில்லை. பொழுது சாயும்வரை அவர் வேலைபார்த்த ஸ்டேஷன்களைப் பற்றியே பேசினார். விரிசலை அடைக்கத் தெரிந்த ஆளைத் தேடுகிறேன் என்றேன். இன்றுவரை கிடைக்கவில்லை. ஆனாலும் வியாழக்கிழமைதோறும் போகிறேன், அன்று நான் கிளம்பும்போது அவர் சொன்னதற்காக.

“ஆளு கெடச்சாரான்னு வாரா வாரம் வந்து சொல்லு. கெடைக்கலன்னாலும் வா.”

வேலை சரியாக அமைந்தால் ஆள் போய்விடுகிறார், கெட்டால்தான் டீ கிடைக்கிறது என்று தெரிந்தும், இந்தப் பாழாய்ப்போன கை சரியாகவே வேலை செய்து தொலைக்கிறது.