கமான் பட்டையும் ஒரு சொம்புப் பாலும்

விளக்கெண்ணெயும் துருவும் கலந்த வாசனை எங்காவது மூக்கில் ஏறினால் போதும், எனக்கு எட்டு வயதாகிவிடும். எங்கள் மாட்டுத் தொழுவத்துக்கு முன்னால், பின் சக்கரம் இரண்டும் கழற்றப்பட்ட கறுப்புக் கார், இரண்டு கல் உரல்களின் மேல் இடுப்பை வைத்துக்கொண்டு, மத்தியான வெயிலில் தூங்குவதுபோல் நிற்கும்.

இரண்டாம் உலகச் சண்டைக் காலம் அது. எங்கள் ஊர் ராசிபுரத்துக்கும் சேலத்துக்கும் நடுவில். அப்பா நிலக்கடலை வியாபாரி. அவர் அந்தக் காரை வாங்கும்போதே அது பழசு. காரின் பின்பாரத்தைத் தாங்குகிற அடுக்கு இரும்புக்கு எங்கள் பக்கத்தில் 'கமான் பட்டை' என்று பெயர். அது தேய்ந்து, வளைவு போய், சின்னக் குழியில் இறங்கினாலும் கார் வயிறு தரையில் அடித்துக்கொள்ளும். புதுசு கப்பலில் வந்தால்தான் உண்டு, கப்பலோ வருகிறதாக இல்லை. ஆகவே வீட்டிலேயே மாற்றிவிடுவது என்று அப்பா இறங்கினார்.

அவ்வளவு அவசரத்துக்குக் காரணம் அம்மா. அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். பிரசவத்துக்கு இரண்டு மாதம் முன்னதாகவே வந்து தங்கிவிட வேண்டும் என்று சேலத்து டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதற்கு முந்தின வருஷம் இதே காரில், இதே ரோட்டில், மல்லூரைத் தாண்டி ஒரு குழியில் வண்டி இறங்கி அடித்தது. அடுத்த நாளே வயிற்றிலிருந்த குழந்தை தவறிவிட்டது. குழியால்தான் என்று டாக்டரம்மா சொல்லவில்லை. ஆனால் அப்பாவுக்குச் சந்தேகமே கிடையாது, ஏனென்றால் ஓட்டியவர் அவர். வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை என்பதிலிருந்தே அப்பாவின் மனசு எனக்குத் தெரிந்தது.

டிரைவர் பழனியண்ணன் அப்பாவோடு சேர்ந்துகொண்டார். அவர் முன்பு எங்கள் மாட்டுவண்டியை ஓட்டியவர், பிரேக்கை மிதிக்கும்போது இன்னமும் வாயால் 'ஹோ, ஹோ' என்பார். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி, பட்டை பட்டையாகக் கழற்றி, சேலத்துப் பழைய இரும்புக்கடையில் கிடைத்த லாரிப் பட்டைகளைக் கொல்லரிடம் அளவுக்கு வெட்டி வாங்கி, நடுவே விளக்கெண்ணெய் தடவி அடுக்கினார்கள். நான்கு நாளாக மாவாட்ட உரல் இல்லை. அம்மா பக்கத்து வீட்டு உரலுக்குப் போய்வந்தாள். சக்கரத்தை மாட்டி இறக்கியபோது கார் நிமிர்ந்து நின்ற நிற்பைப் பார்க்க ஊரே வந்துவிட்டது.

"இருவது மூட்டை ஏத்துனாலும் குனியாதுங்க!" என்றார் பழனியண்ணன்.

காலமெல்லாம் பாரம் ஏற்றியே பிழைத்தவர்கள் இரண்டு பேரும். குனியாத வண்டிதான் அவர்களுக்கு நல்ல வண்டி. அம்மா அடுக்களை வாசலிலிருந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏனுங்க, மூட்டைக்குப் பாக்கறீங்களா, எனக்குப் பாக்கறீங்களா?"

கேட்டுவிட்டு, ஒரு சொம்பில் பாலை விளிம்புவரை ஊற்றிக்கொண்டு வந்து, தான் உட்காரும் இடத்தில் வைத்தாள். சொம்பு சாயாமல் பார்த்துக்கொள்ள என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, பனமரத்துப்பட்டி ஏரிக்கரை வரைக்கும் போய்வந்தோம். திரும்பும்போது சொம்பில் பாதிதான் மிச்சம். மீதி சீட்டிலும் என் பாவாடையிலும். அப்பா அந்தச் சொம்பை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மறுபடியும் உரலை உருட்டிக்கொண்டு வந்தார்.

விறைப்புக் குறைந்து வண்டி குலுக்காமலிருக்க ஒவ்வொரு பட்டையாகக் குறைத்தார்கள், குறைக்கக் குறைக்க ஒரு சோதனை. பெட்ரோலோ அளந்து கொடுக்கிற காலம். சோதனைக்கே தீர்ந்துவிட்டால் சேலத்துக்குப் போவது எப்படி? பழனியண்ணன்தான் யோசனை சொன்னார். காருக்கு முன்னால் எங்கள் ஜோடி எருதுகளைக் கட்டினார்கள்.

அந்தச் சாயங்காலங்களை நான் எப்படிச் சொல்வேன்! இன்ஜின் சத்தம் இல்லை. மாட்டு மணி மட்டும் கேட்கும். கடலைக் காட்டு வண்டித்தடத்தில் கார் தானாக மிதந்து போகும். பக்கத்தில் சொம்பு நிறையப் பால், அதில் ஒரு துண்டு வானம். பள்ளம் வந்தால் வானம் ஆடும், பிறகு அடங்கும். தூக்கம் கண்ணைச் சுழற்றும், ஆனாலும் பாலை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன். நாலாவது நாள், பால் சொம்பின் கழுத்தைவிட்டு இறங்கவே இல்லை. "சிந்தலீங்கப்பா!" என்று நான் கத்தியதில் எருதுகள் மிரண்டுவிட்டன.

புறப்பட்ட நாளில் அப்பா ஸ்டியரிங்கைத் தொடவில்லை. பழனியண்ணனை ஓட்டச்சொல்லிவிட்டு, முன்சீட்டில் பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, அம்மா மடியில் பிடித்திருந்த சொம்பையே வழிநெடுகப் பார்த்துக்கொண்டு வந்தார். மல்லூர் தாண்டியது. பழனியண்ணன் 'ஹோ, ஹோ' என்றார். கார் மெல்ல இறங்கி, மெல்ல ஏறியது. பால் ஒருமுறை ஆடி நின்றது.

"இங்கதானுங்களே?" என்றாள் அம்மா.

"இங்கதான் சாமி" என்றார் அப்பா. அவர் அழுததை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

"இனி எதுக்குங்க இது? குடிங்க" என்று அம்மா சொம்பை நீட்டினாள். அவர் குடித்தார்.

இரண்டு மாதம் கழித்துத் தம்பி பிறந்தான். இப்போது அவனுக்கே தலை நரைத்துவிட்டது. அப்பாவும் அம்மாவும் இல்லை, பழனியண்ணன் இல்லை, ரோட்டோரப் புளிய மரங்களும் இல்லை. கழற்றிப் போட்ட பட்டைகளில் ஒன்று மட்டும் அரிவாள்மணையாகி என் அடுக்களையில் இருக்கிறது. தம்பியின் காரில் சேலம் போகும்போது மல்லூர் வந்ததும் போனதும் தெரிவதில்லை, ரோடு அப்படி. குழி இருந்த இடம் எதுவென்று கேட்டால் ஊரில் சொல்ல ஆளில்லை.

"ஏனக்கா, வெறுங்கையில என்னத்தப் புடிச்சுக்கிட்டு வர்ற?" என்று போன வாரம் கேட்டான். குனிந்து பார்த்தேன். என் இரண்டு கைகளும் மடியில் இல்லாத ஒரு சொம்பைப் பிடித்திருந்தன.

"உன்னத்தான்டா" என்றேன்.