ஆவாரம்பட்டைக் கறை

நைனா என்றுதான் நாங்கள் அப்பாவைக் கூப்பிடுவோம். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் அவருக்கு வேலை. நாளெல்லாம் ஆவாரம்பட்டைத் தண்ணீரில் தோலைப் புரட்டிப் புரட்டி, முழங்கை வரை செங்காவி ஏறிய கைகள். ஞானஸ்நானம் வாங்கி மூன்று வருஷமாகியும், இந்தக் கைகளால் கோயிலில் கொடுக்கும் திருவிருந்து அப்பத்தைத் தொடமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். ஒரு காலத்தில் குடித்துவிட்டு வந்து அம்மாவை அடித்ததும் அதே கைகள்தான் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அப்போது சாயம்தான் காரணம் என்று நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை வந்தால் சாம்பல், புளி, செங்கல்தூள் என்று ஒன்றையும் அவர் விட்டுவைக்கவில்லை. தேய்த்துத் தேய்த்துத் தோல் வெடித்ததே தவிர, கறை அசையவில்லை. எனக்கு எட்டு வயது. புத்தி கொஞ்சம் ஜாஸ்தி. எருமைத் தோலின் மயிரையே கழற்றிவிடுகிற சுண்ணாம்புக்கு இந்தக் கறை எம்மாத்திரம்? ஷாப்புத் தொட்டியிலிருந்து ஒரு கொட்டாங்கச்சி நிறைய வழித்துக்கொண்டு வந்தேன். அது கையைத் தின்றுவிடும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் இரண்டு கைகளையும் நீட்டி, “பூசும்மா” என்றார்.

மறுநாள் கோயிலில், கொப்புளம் கண்ட கைகளில் துணி சுற்றிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். எல்லாரும் முன்னால் போய் முழங்காலிட்டுக் கையில் அப்பம் வாங்கினார்கள். நைனா மட்டும் எழுந்திருக்கவில்லை. போதகர் அப்பத்தோடு எங்கள் வரிசைக்கே வந்துவிட்டார்.

“ஏம்பா, வரலியா?”

“கை இன்னும் சுத்தமாவலீங்க ஐயா. இப்போ நீட்டக்கூட முடியல.”

“கையை யாரு கேட்டா? வாயைத் தொற.”

குழந்தைக்கு ஊட்டுவது போல ஊட்டிவிட்டார். நைனா தேம்பித் தேம்பி அழுதார். எனக்கோ ஒரே அவமானம். என்னால்தானே இவ்வளவு பெரிய மனிதர் ஊர் பார்க்க இன்னொருவர் ஊட்டிச் சாப்பிட வேண்டியதாயிற்று! திட்டு விழும் என்று காத்திருந்தேன். அவரோ துணி சுற்றிய கையை என் தலைமேல் வைத்துக்கொண்டே வீடுவரை வந்தார். அந்தப் போதகரை நினைத்து இன்றும் கர்த்தருக்கு நன்றி சொல்கிறேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நைனா சிரிக்கும் சத்தம் கேட்டது.

கொப்புளம் ஆறி வேலைக்குப் போன அன்றே கை பழையபடி சிவந்துவிட்டது. அடுத்த திருவிருந்துக்கு உதவுமே என்று மிச்சச் சுண்ணாம்பை நான் பத்திரமாக வைத்திருந்தேன். அதற்கு முந்தின சனிக்கிழமை அவர் சாம்பலையும் தேடவில்லை, புளியையும் கேட்கவில்லை. மறுநாள் கோயிலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல முதல் ஆளாக எழுந்தார். ஐயோ, தேய்க்க மறந்துவிட்டாரே என்று பதறிப்போய், நான் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன்.