எழுத்து அழியாத பெல்ட்

டைமிங் பெல்ட் அறுந்தால் என்ன நடக்கும் என்பது, பெருக்கல் வாய்ப்பாடு சரியாக வராத வயதிலேயே எனக்கு மனப்பாடம். காரணம் மாமா. அம்மாவின் தம்பியான அவர் வாடகைக்குப் போகும் ஹயர் வேன் ஓட்டினார். வேனை நிறுத்துவது கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் எங்கள் வீட்டு முற்றத்தில், சாப்பிடுவது எங்கள் வீட்டில், பேசுவது எந்நேரமும். எஞ்சினின் மேல்பக்கம் வால்வுகள் திறந்து மூட வேண்டும், கீழ்ப்பக்கம் பிஸ்டன்கள் ஏறி இறங்க வேண்டும், இரண்டும் ஒன்றோடொன்று முட்டாமல் பார்த்துக்கொள்வது ஒரேயொரு ரப்பர் பட்டி என்பார். அது அறுந்தால் பிஸ்டன் போய் வால்வை இடிக்கும், எஞ்சின் நின்ற இடத்திலேயே செத்துப்போகும். இதைச் சொல்லும்போது இரண்டு கை முட்டிகளையும் மோதிக் காட்டுவார். அம்மா ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதைப் போல நெஞ்சில் கை வைப்பாள். மாமாவுக்கு அது போதும்.

தனக்குத் தெரியாத வேலை ஒன்று உலகத்தில் இருப்பதாக மாமா நம்பவில்லை. எங்கள் வீட்டு ரேடியோவை அவர் திருத்திய பிறகு அதில் ஒரே ஒரு நிலையம்தான் எடுத்தது. கேட்கத் தகுந்தது அது ஒன்றுதான் என்று மாமா சொல்லிவிட்டார். ஆனால் வேன் விஷயத்தில் மட்டும் வாயும் கையும் ஒன்றாகவே இருந்தன. அவர் பூட்டிய நட்டு கழன்றதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

அம்மாவுக்கும் மாமாவுக்கும் அடுத்து, வெகு காலம் கழித்துப் பிறந்தவள் சித்தி. புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில் அவர்களுடைய பெற்றோர் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச்சேர்ந்துவிட, சித்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு கண்டிக்கு பஸ் ஏறியவர் மாமா. அம்மாவுக்குக் கல்யாணமாகி நானும் தம்பியும் பிறந்து வீடு நிறைந்த பிறகும், சித்தியைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவது அவர் வேலையாகவே இருந்தது. சடை பின்னக்கூடக் கற்றுக்கொண்டார். அதையும் தன்னைப்போல யாராலும் பின்ன முடியாது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

பெரியவளானதும் சித்தி கட்டுகஸ்தோட்டையில் ஒரு தையல் பெக்டரிக்கு வேலைக்குப் போனாள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், ஜோர்தானில் தையல் வேலை கிடைத்திருக்கிறது, மூன்று வருஷம், எல்லாம் எழுதிக் கொடுத்தாகிவிட்டது என்று சொன்னாள். அவள் எதையும் அப்படித்தான் சொல்வாள், கறிக்கு உப்புக் காணாது என்பதைப் போல. அம்மா அழுதாள். அப்பா டவுனில் புடவைக்கடையில் வேலை பார்த்தவர், ஜோர்தான் எந்தப் பக்கம் இருக்கிறது என்று விசாரித்தார். மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே, போய் வா என்றார். ஏர்போட்டுக்குத் தன் வேனில்தான் போக வேண்டும் என்று மட்டும் ஒரு நிபந்தனை வைத்தார்.

சித்தி புறப்படுவதற்கு முந்திய நாள் காலை நான் பல் துலக்க வெளியே வந்தபோது, வேனின் முன் சீட் ஜம்பு மரத்தடியில் கிடந்தது. அந்த வேனுக்கு எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில். மாமா அதற்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். அம்மா பிளேன்டீக் கோப்பையோடு பக்கத்தில் நின்றாள். கோப்பை மாமாவுக்குக் கொண்டுவந்தது என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

"பெல்ட்டுக்கு வயசாயிருச்சு அக்கா," என்றார் மாமா, தலையை வெளியே எடுக்காமல். "கடுகண்ணாவ மலை எறக்கத்துல அறுந்துச்சுன்னா எல்லாரும் நடுரோட்டுலதான். தங்கச்சிய அப்புடி ஏத்திக்கிட்டுப் போக என்னால முடியாது."

இத்தனை நாளாக இது ஏன் தெரியவில்லை என்று அம்மா கேட்டதற்கு, நேற்று வரும்போதுதான் சத்தம் கேட்டது என்றார். நேற்று நானும் அந்த வேனில்தான் வந்தேன். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஆனால் மாமாவின் காதுக்கு மட்டும் கேட்கும் சத்தங்கள் பல உண்டு என்பது எங்களுக்குப் பழகிப்போன ஒன்று.

மறுநாள் சாயங்காலம் விமானம். அதைத் தவறவிட்டால் சித்தியின் இடம் வேறொருத்திக்குப் போய்விடும் என்று ஏஜென்சிக்காரர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். ராகுகாலம் பிறப்பதற்குள் வாசலைத் தாண்ட வேண்டும் என்பது அம்மாவின் பங்கு. இதெல்லாம் தெரிந்தும் மாமா நிதானமாக ஒவ்வொன்றாகக் கழற்றி, சாக்கு விரித்து அதில் அடுக்கிக்கொண்டிருந்தார். கீழ்ச்சக்கரத்து நட்டு அசையாதபோது ஸ்பேனரில் ஒரு நீட்டுக் குழாயைச் செருகி, அப்பாவையும் பிடிக்கச் சொல்லி ஒரே இழுப்பில் எடுத்தார். மூடியைக் கழற்றியதும், மூன்று பல்சக்கரங்களை அணைத்துக்கொண்டு கறுப்பாக ஒரு பட்டி சுற்றிக் கிடப்பதை முதல்முறையாகக் கண்டேன். இத்தனை கதைகளுக்கும் காரணமான பெல்ட் இவ்வளவுதானா என்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

அப்போது சித்தி வந்தாள். பயணப் பெட்டியைப் பாதி அடுக்கிவிட்டு வந்தவளின் கையில் நகத்துக்குப் பூசும் சிவப்புக் கியூடெக்ஸ் போத்தல் இருந்தது.

"அண்ணே, அடையாளம் வச்சிட்டுக் கழட்டுங்க."

சக்கரத்தில் கம்பெனிக்காரன் வைத்த கோடு இருக்கிறது என்றார் மாமா. எண்ணெய் அப்பிக் கிடப்பதில் அது யாருக்குத் தெரியப்போகிறது என்றாள் சித்தி. மாமா டோர்ச்சை எடுத்து அடித்தார். அவள் குனிந்து, மூன்று சக்கரங்களிலும் ஒவ்வொரு பொட்டு வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் நேர் எதிரே எஞ்சின் இரும்பில் இன்னொரு பொட்டு. பெல்ட்டைக் கழற்றிய பிறகு சக்கரங்கள் எப்படிச் சுற்றினாலும், பொட்டும் பொட்டும் பார்த்தால் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். பிரஷ்ஷில் மிஞ்சியதை என் சுண்டுவிரல் நகத்தில் தடவிவிட்டாள். அன்று முழுக்க நான் அந்த விரலை மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு திரிந்தேன்.

பெல்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, புதிது வாங்க மாமா டவுனுக்குப் போனார். பின்னேரம் வெறுங்கையோடு வந்தார். கண்டியில் இந்த வேனுக்கு பெல்ட் இல்லை, கொழும்பிலிருந்துதான் எடுப்பிக்க வேண்டும், இரண்டு நாளாவது ஆகும் என்று சொல்லிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். இவ்வளவு பெரிய இடியை எங்கள் தலையில் இறக்கிவிட்டு, கருவாட்டுக் குழம்பை இரண்டாந்தரமும் ஊற்றிச் சாப்பிட்ட அவருடைய மனத்திடத்தைப் பார்த்து நான் அசந்துபோனேன்.

அப்பா சட்டையை மாட்டினார். கட்டுகஸ்தோட்டையில் அவருக்குத் தெரிந்த ஒரு முஸ்லிம் நானா வேன் வைத்திருந்தார், கேட்டால் வருவார். மாமா சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிரவில்லை.

"வேணாம் அத்தான்," என்றாள் சித்தி. "அண்ணன் கொண்டுபோய் விடுறேன்னு சொல்லியிருக்காரு. விடுவாரு."

அப்படிச் சொல்லிவிட்டு முற்றத்தில் இறங்கினாள். சாக்கின்மேல் கிடந்த பழைய பெல்ட்டை எடுத்து, மண்ணைத் தட்டி, உள்பக்கமாக மடித்துப் பார்த்தாள். பற்களின்மேல் கட்டைவிரலை ஓட்டினாள். பெக்டரியில் தையல் மெஷின் பெல்ட்டைப் பார்த்துப் பழகிய கை அது. கை கழுவ வந்த மாமாவிடம் அதை நீட்டினாள்.

"புதுசு கெடைக்காட்டி இதையே போட்டுருங்க அண்ணே. எனக்கு இது போதும்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் மாமாவின் முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. வேன் விஷயத்தில் அவருக்கு யோசனை சொல்ல ஊரில் யாருக்கும் உரிமை கிடையாது, அதிலும் பழைய பெல்ட்டையே போடு என்று. சித்தி அவருடைய ரோஷத்தைக் கிளறிவிட்டாள் என்று நினைத்தேன். மாமா பெல்ட்டை வாங்கி, கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அதை என் கழுத்தில் மாலையாகப் போட்டு, "வச்சு வெளையாடு" என்று சொல்லிவிட்டு, சட்டைகூட மாற்றாமல் பஸ் ஏறப் போனார்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குள் புது பெல்ட்டோடு திரும்பினார். ஒரு கடையில் அலுமாரிக்குப் பின்னால் விழுந்து கிடந்ததாம். யாரும் அவரிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் வேலை தொடங்கியது. பொட்டுக்குப் பொட்டு பார்த்துச் சக்கரங்களைத் திருப்பி, பெல்ட்டை ஏற்றி, இறுக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்து, மறுபடி தளர்த்தி, மறுபடி இறுக்கினார். அம்மா வாசலில் நின்று ராகுகாலத்தை நினைவுபடுத்திக்கொண்டே இருந்தாள். அவர் கை அவசரப்படவில்லை. எல்லாம் ஏற்றிய பிறகு சாவியைத் தொடாமல், கீழ்ச்சக்கரத்தில் ஸ்பேனரை மாட்டி, "நீயே சுத்து" என்று சித்தியைக் கூப்பிட்டார். எஞ்சினை ஓட விடுவதற்கு முன் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். கீழே இரண்டு சுற்றுக்கு மேலே ஒரு சுற்று. எங்காவது இடித்தால் கைக்குத் தெரியும், எதுவும் உடையாது. சித்தி பயணத்துக்கு உடுத்திய சுடிதாரோடு குனிந்து மெல்லச் சுற்றினாள். சிவப்புப் பொட்டுகள் கீழே போய் மறைந்தன. மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். மூன்று பொட்டுகளும் வந்து மூன்று பொட்டுகளுக்கு நேரே நின்றன.

"சரியா அண்ணே?" என்று கேட்டாள்.

"சரி," என்றார் மாமா. மூடியை எடுத்துப் பூட்டினார். அவ்வளவு அருமையான வேலையைச் செய்துவிட்டு அவர் தன்னைப் பாராட்டிக்கொள்ளாமல் விட்டது எனக்குப் பெரிய குறையாக இருந்தது. ஆகவே அந்த வேலையை நான் செய்தேன். கடுகண்ணாவை இறக்கம் முழுக்க, பின் சீட்டில் நின்றுகொண்டு, என் மாமாவின் வேன் எங்கேயும் நிற்காது என்று தம்பிக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். வேனும் என் பேச்சைக் காப்பாற்றியது. நேரத்துக்கு முன்பாகவே ஏர்போட்டில் போய் நின்றோம். சித்தி எங்களையெல்லாம் கட்டிப்பிடித்தாள், மாமாவின் காலைத் தொட்டாள், பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சுண்டுவிரலை மட்டும் தூக்கி எனக்குக் காட்டினாள். அதிலும் சிவப்பு இருந்தது.

பழைய பெல்ட் எனக்குச் சொந்தமானது. இரண்டு பேர் உள்ளே நின்று ஓடும் அளவுக்குப் பெரிய வளையம். நான் டிரைவர், தம்பி கண்டக்டர். பெல்ட்டின் முதுகில் வெள்ளை எழுத்தில் ஏதோ இங்கிலிஷும் எண்களும் இருந்தன, அதுதான் எங்கள் பஸ்ஸின் போர்ட். அம்பிட்டியவிலிருந்து கண்டிக்கு அந்த பஸ் எத்தனை தரம் போய் வந்தது என்று கணக்கே இல்லை. இழுத்தோம், மிதித்தோம், மழையில் போட்டோம். அது அறுகிறதாக இல்லை. வயதான பெல்ட்டே இவ்வளவு பலம் என்றால் புதியது எப்படி இருக்கும் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

இப்போது நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். ஒரு சின்னக் கார் இருக்கிறது. போன விடுமுறையில் அதற்கு டைமிங் பெல்ட் மாற்றக் கொடுத்தபோது, கராஜில் வேலை செய்யும் பையன் கழற்றிய பெல்ட்டைக் கொண்டுவந்து காட்டினான். மடித்தால் பல் இடுக்குகளில் வெடிப்பு. முதுகு தேய்ந்து வழுவழுவென்று மொட்டையாக இருந்தது. இதில் எழுத்து எதுவும் கிடையாதா என்று கேட்டேன்.

"இருந்துச்சு மிஸ், ஓடி ஓடி அழிஞ்சிரும். எழுத்து தெரியிற பெல்ட்ட யாரு கழட்டுவா?" என்றான்.

நான் அந்த பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் எஞ்சினைப் பூட்டி முடிக்கும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

மாமா வேனை விற்றுவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறார், வாய் அப்படியே இருக்கிறது. அந்த பெல்ட்டில் எழுத்து அழியாமலே இருந்ததே என்று அவரிடம் கேட்டேன். அது எப்போதோ அறுந்திருக்க வேண்டிய பெல்ட், உங்கள் அதிர்ஷ்டம் என்று கண்ணை இமைக்காமல் சொன்னார். சித்தி ஜோர்தானிலிருந்து வந்து, கல்யாணம் முடித்து, கட்டுகஸ்தோட்டையில் சொந்தமாகத் தையல் கடை நடத்துகிறாள். அவளிடம் போய்ச் சொன்னபோது, மெஷினை நிறுத்தாமலே சிரித்தாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் புள்ள. ஏன்னு கேட்டிருந்தா, போகாதன்னு சொல்லியிருப்பாரு. அவரு வாயால அதச் சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டேன்."

அதனால் கேட்கவில்லை, பொட்டு மட்டும் வைத்தாள். மாமா நினைத்திருந்தால் இரண்டு பல் தள்ளிப் போட்டிருக்கலாம், வேன் கிளம்பியே இருக்காது. பெல்ட்டுக்கு வயதாகிவிட்டது என்று பொய் சொல்ல அவரால் முடிந்தது, பெல்ட்டைப் பிழையாகப் பூட்ட முடியவில்லை.

அன்று சித்தியை விட்டுவிட்டுத் திரும்பும்போது நான் முன் சீட்டில் மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சித்தி வரும்போது உட்கார்ந்து வந்த இடம் அது. பின்னால் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். கண்டி வரை மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. ரோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்தபடி ஓட்டினார். நானும் பேசாமல் வந்தேன். புது பெல்ட்டின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வருகிறார், தொந்தரவு செய்யக்கூடாது என்று நினைத்தேன்.