ஓட்டை விழாத பானை

ஹென்றியண்ணையை நான் முதலில் சந்தித்தது மொன்றியலுக்குப் பக்கத்தில் இல்-பிசார் தீவில், ஒரு பஸ் தரிப்பில். அந்தத் தீவுக்கு பஸ் வருவதே அருமை. அங்குள்ள முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் எனக்குச் சனி, ஞாயிறு வேலை கிடைத்திருந்தது. முதல் நாள் பனிக்குள் இறங்கி, எந்தப் பக்கம் நடப்பதென்று தெரியாமல் நின்றேன்.

"தமிழோ?" என்றார் தரிப்பில் கடைப் பையோடு நின்றவர்.

"ஓம் அண்ணை."

"எந்த ஊர்?"

"ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட. முதியோர் இல்லத்துக்கு வேலைக்கு வந்தனான். இஞ்சை யூனிவேர்சிட்டியிலை வரலாறு படிக்கிறன்." அவர் கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். "எங்கடை பரம்பரையிலை யூனிவேர்சிட்டிக்குப் போன முதல் ஆள் நான்தான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ரண்டு ஸ்டொப் முந்தி இறங்கின முதல் ஆளும் நீர்தான் தம்பி. நடவும், காட்டிறன்."

அன்றிலிருந்து அவருக்கு நான் பட்டதாரி. பட்டம் கைக்கு வர இன்னும் இரண்டு வருடம் இருந்தது. "பட்டதாரி, அந்த வாளியை இஞ்சாலை தள்ளும்" என்று ஆட்கள் முன்னால் கூப்பிடுவார். எனக்குக் கோபம் வந்ததில்லை. சொல்லப்போனால், பிடித்திருந்தது.

அவர் மன்னார்த் தீவில் பேசாலையைச் சேர்ந்தவர். கடல் தொழில் செய்த குடும்பம். இங்கே வந்து டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி தூக்கி முதுகை உடைத்துக்கொண்டார். பிறகு டவுன்டவுனில் கோப்பை கழுவினார். பிறகு ஒரு பயிற்சி முடித்து, முதியவர்களைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றும் இந்த வேலைக்கு வந்தார். அவருடைய பிரெஞ்சும் ஆங்கிலமும் வேலைக்குப் போதும், கதைக்கப் போதாது. ஐம்பதைத் தாண்டியும் கலியாணம் கட்டவில்லை.

ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"அண்ணை வரட்டும் எண்டு நிக்கிறன்."

பகிடி விடுகிறார் என்று சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அண்ணனின் பெயர் அன்டன். தகப்பன் நேரத்தோடு போய்விட்டதால் ஹென்றியை வளர்த்ததும், வள்ளத்தில் ஏற்றித் தொழில் பழக்கியதும் அன்டன்தான். சண்டைக் காலத்தில் கடலில் நேவிப் படகு நின்றது. கையைத் தூக்கிக் காட்டினால் என்னத்தைத் தூக்குகிறான் என்று தெரியாமல் சுட்டுவிடுவார்கள். அதனால் அவர்கள் சோற்றுப் பானையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவார்கள். உப்புத் தண்ணி தெறிக்காமல் வாயில் வெள்ளைச் சீலை கட்டிய அலுமினியப் பானை. தூரத்திலேயே தெரியும். நாங்கள் மீன் பிடிக்கிற ஆட்கள், சோறு கொண்டு வந்திருக்கிறோம் என்பது அதற்கு அர்த்தம். பல தடவை அந்தப் பானை உயிரைக் காப்பாற்றியிருக்கிறது.

தொண்ணூறாம் ஆண்டில் ஒரு காலை அன்டனும் இரண்டு பேரும் கடலுக்குப் போனார்கள். கரைக்குச் சூட்டுச் சத்தம் கேட்டது. வள்ளமும் வரவில்லை, ஆட்களும் வரவில்லை. சில நாட்கள் கழித்துப் பானை மட்டும் தலைமன்னார்ப் பக்கம் கரையொதுங்கியது. கட்டிய சீலை அவிழவில்லை. உள்ளே சோறு புளித்துக் கிடந்தது.

அன்டனின் மனைவி றெஜினா அந்தப் பானையைத் தடவிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். ஒரு ஓட்டையும் இல்லை.

"அவர் பானையைத் தூக்கிக் காட்டியிருப்பார்" என்றார். "சுட்டிருந்தால் பானையிலைதானே முதல் பட்டிருக்கும். பிடிச்சுக்கொண்டு போயிருக்கிறாங்கள்."

அவர் ஏறி இறங்காத ஆமி முகாம் இல்லை. பிறகு ஹென்றியண்ணை மொன்றியலுக்கு வந்து, அவரையும் மகள் றொஷினியையும் ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டார். றெஜினாக்காவோடு அந்தப் பானையும் விமானம் ஏறி வந்தது.

கத்தோலிக்கருக்கு நவம்பரில் மரித்தவர்களின் நாள் வரும். தமிழ்ப் பூசையில் அவரவர் வீட்டில் செத்தவர்களின் பெயர்களைப் பூசை வைக்கிற சுவாமி வாசிப்பார். ஹென்றியண்ணை தாய், தகப்பன் பெயரைக் கொடுப்பார். அன்டன் பெயரைக் கொடுக்க றெஜினாக்கா விட்டதில்லை. அவர் ஜூன் மாதம் அந்தோனியார் திருநாளுக்குப் பூசை கொடுப்பார். காணாமல் போனதைத் தேடித் தருகிற புனிதர். கணவரின் பெயரும் அதுதான். அன்றைக்கு மட்டும் அந்தப் பானையில் அரிசியும் கோழியும் குழையக் குழையப் புக்கை காய்ச்சி, வாயில் வெள்ளைச் சீலை கட்டி, தெரிந்தவர்களுக்குக் கொடுத்துவிடுவார்.

ஹென்றியண்ணைக்கு நல்ல சம்பந்தங்கள் வந்தன. ஒன்று அவருக்கும் பிடித்திருந்தது. அக்னெஸ் என்று, கோயில் பாட்டுக் குழுவில் பாடினவர். "மூத்தவன் நிண்டு நடத்த வேண்டிய கலியாணம்" என்றார் றெஜினாக்கா. "இப்ப செய்தால், அவர் இல்லை எண்டு நாங்களே முடிவெடுத்த மாதிரி." அக்னெஸ் சில வருடம் காத்திருந்துவிட்டு ரொறன்ரோவில் கலியாணம் செய்தார்.

"மச்சாளிலை பிழை சொல்லேலாது" என்றார் ஹென்றியண்ணை. "பானையிலை ஓட்டை இல்லைத்தானே."

அந்த இல்லத்தில் ஃபோல்கர் என்றொரு ஜெர்மன்காரர் இருந்தார். தொண்ணூறு வயது தாண்டியவர். லஷீனில் ஒரு பட்டறையில் லேத் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஹென்றியண்ணை குளிப்பாட்டினால்தான் சத்தம் போடாமல் இருப்பார். போரில் நீர்மூழ்கிக் கப்பலில் இருந்தவர் என்று எல்லோருக்கும் தெரியும். கேட்டால் பெரிய கப்பல்களின் கதை சொல்வார். நான் வரலாறு படிப்பவன், விடாமல் கேட்பேன். நாற்பத்து மூன்றின் கடைசியில் பிரான்சிலிருந்து புறப்பட்டது, ஆபிரிக்காவைச் சுற்றி இந்து சமுத்திரத்துக்கு வந்தது, இரண்டு சரக்குக் கப்பல்களை டோர்பிடோ விட்டு மூழ்கடித்தது, பினாங்கில் ஜப்பான்காரரின் துறைமுகத்தில் ஒதுங்கியது. ஜெர்மனி சரணடைந்ததும் நீர்மூழ்கியை ஜப்பான்காரர் எடுத்துக்கொண்டு ஆட்களை அடைத்து வைத்தார்கள். கதை எப்போதும் அதோடு முடியும்.

ஒரு அந்தோனியார் திருநாள் என்னுடைய வேலை நாளில் வந்தது. றெஜினாக்கா எங்களுக்கென்று புக்கை கொடுத்துவிட்டிருந்தார். மத்தியானம் வயதானவர்கள் எல்லோரும் சக்கர நாற்காலிகளில் முற்றத்து வெயிலில் இருந்தார்கள். நாற்காலிகளுக்கு நடுவில் வழி ஒடுக்கம். ஹென்றியண்ணை பானையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தார்.

"விலத்துங்கோ, விலத்துங்கோ, அந்தோனியார் வாறார்" என்று தமிழிலேயே சொன்னார்.

ஃபோல்கர் அதைப் பார்த்தார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "கீழே வை, கீழே வை" என்று ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஹென்றியண்ணை பானையைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து அவர் முதுகைத் தடவினார். கிழவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லக் கதைத்தார்.

"என்னவாம், பட்டதாரி?"

நான் அவர் சொன்னதைச் சொன்னேன். மாலைதீவுக்கு வடக்கே ஒரு காலை ஒரு பாய்த் தோணி. சின்னத் தோணிக்கு டோர்பிடோ வீண். நீர்மூழ்கி மேலே வந்துதான் சுடும். விட்டால் கரையில் போய்ச் சொல்லிவிடுவார்கள், அதனால் விடக்கூடாது என்று கட்டளை. இவருக்குப் பத்தொன்பது வயது, இயந்திரத் துப்பாக்கியில் நின்றவர். தோணியில் ஒரு மனிதன் எழும்பி, வெள்ளைத் துணி கட்டிய பானையொன்றைத் தலைக்கு மேல் தூக்கினான்.

"குண்டோ, கொடியோ எண்டு தங்களுக்கு விளங்கேல்லையாம்" என்றேன். "ஏன் தூக்கினவன் எண்டு இண்டைக்கும் தெரியாதாம்."

நான் அப்போதே நிறுத்தியிருக்கலாம். ஹென்றியண்ணை என்னைப் பார்க்காமல், கிழவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"சுட்டவையோ எண்டு கேளும்."

கேட்டேன். "நான்தான் சுட்டேன்" என்றார் ஃபோல்கர். "நெஞ்சில்."

"பானை?"

அந்தக் கேள்வியை ஆங்கிலத்தில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. "கேளும் தம்பி" என்றார் ஹென்றியண்ணை. பட்டதாரி என்று சொல்லவில்லை.

கிழவர் யோசிக்கவே இல்லை. பானை கையிலிருந்து கடலுக்குள் விழுந்தது. தோணி எரிந்து தாழ்ந்த பிறகும் அது மிதந்தது. தங்களுக்குப் பக்கத்தால் போனது. சுற்றி எல்லாம் சல்லடையாகக் கிடக்க, அதில் மட்டும் ஒரு குண்டும் படவில்லை. துணிகூட அவிழவில்லை.

நான் அதைத் தமிழில் சொல்லி முடித்தேன். என் வாழ்க்கையில் படித்த படிப்பை அப்படியொரு வேலைக்குப் பயன்படுத்துவேன் என்று நினைத்ததில்லை.

ஹென்றியண்ணை எழும்பிப் போய்ப் பானையை அவிழ்த்தார். ஒரு கோப்பையில் புக்கை போட்டு வந்து, கரண்டியால் ஆறவைத்து ஃபோல்கருக்குத் தீத்தினார். கிழவர் அழுதுகொண்டே சாப்பிட்டார்.

"தாங்கள் சோறு கொண்டு வந்த ஆக்கள் எண்டு காட்டினவன் எண்டு சொல்லும்" என்றார் ஹென்றியண்ணை. "அதுக்குத்தான் தூக்கினவன். வேறையொண்டுக்கும் இல்லை."

சொன்னேன். ஃபோல்கர் தலையை ஆட்டினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

பஸ்ஸில் வரும்போது, "அது வேறை கடல், அண்ணை. வேறை காலம்" என்றேன்.

"ஓம். ஆனால் பானை ஒண்டுதானே." வெறும் பானையை மடியில் வைத்திருந்தார். "இதை மச்சாளிட்டைச் சொன்னால், முப்பது வருசமாய் அவ பிடிச்சுக்கொண்டு நிக்கிற ஒரே கயிறு அறுந்திடும். சொல்லாட்டி நான் அறிஞ்சு வைச்சுக்கொண்டு நடிக்கவேணும். எதெண்டு சொல்லும், படிச்சனீர்."

நான் இறங்கவேண்டிய தரிப்பில் இறங்காமல் அவரோடேயே இருந்தேன்.

கோட்-டெ-நேஜில் இருந்த அவர்கள் வீட்டுக்கு நானும் கூடப் போனேன். றெஜினாக்கா பானையை வாங்கிக் குழாயடியில் வைத்தார். "புக்கைக்கு உப்புக் காணுமோ?" என்றார்.

"காணும், மச்சாள்."

ஹென்றியண்ணை வாசலிலேயே நின்றார். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. நீர்மூழ்கியின் கதையைச் சொன்னார், அந்தத் தோணியை, தூக்கிக் காட்டிய மனிதனை. அண்ணனின் பெயரை எடுக்கவேயில்லை. றெஜினாக்கா பானையைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"பானையிலை பட்டதாமோ?"

"இல்லையாம். மிதந்து போனதாம்."

தேய்க்கிற கை நின்றது. தண்ணி ஓடிக்கொண்டிருந்தது. நான் போய்க் குழாயைப் பூட்டலாமோ என்று யோசித்தேன், அசையவில்லை. அவர் பானையைக் கவிழ்த்து அதன் அடியில் உள்ளங்கையை வைத்தார். பானை கிடைத்த அன்றும் இப்படித்தான் தடவியிருப்பார் என்று நினைத்தேன்.

"உனக்கு நாப்பது வயதுக்குள்ளை ஒரு கலியாணம் செய்து வைச்சிருக்கலாம்" என்றார் கடைசியில்.

"அதை விடுங்கோ மச்சாள்."

"அந்தப் பிள்ளை நல்லாப் பாடுவாள்."

அவ்வளவுதான். சத்தம் போட்டு அழவில்லை. தலைவலி என்று அறைக்குள் போய்விட்டார். ஹென்றியண்ணை அப்போதுதான் சப்பாத்தைக் கழற்றி, பானையை ஒரு துணியால் துடைத்து அடுக்கில் வைத்தார்.

ஃபோல்கர் அந்த இலையுதிர்காலத்தில் இறந்தார். நவம்பரில் மரித்தவர்களின் பூசைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். நான் சைவ சமயம். கடைசி வரிசை வாங்கில் இருந்தேன். சுவாமி பெயர்களை வாசித்துக்கொண்டு போனார். ஹென்றியண்ணையின் தாய், தகப்பன் பெயர் வந்தது. அடுத்ததாக "பேசாலை அன்டன்" என்றார். பெயரைக் கொடுத்தது றெஜினாக்கா. ஹென்றியண்ணைக்கும் அது தெரியாது. அவர் முழங்காலில் இருந்தபடியே முன் வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நெற்றியை அதில் வைத்தார். அன்டனின் பெயருக்குப் பிறகு, ஃபோல்கரின் கதையில் வந்த தோணியில் இருந்தவர்களுக்கென்று பெயரில்லாமல் ஒரு வரியும் வாசிக்கப்பட்டது.

நான் பட்டம் எடுத்து இப்போது ஒட்டாவாவில் வேலை செய்கிறேன். றெஜினாக்கா மகளோடு லாவாலில் இருக்கிறார். ஹென்றியண்ணை வேலையிலிருந்து ஓய்வெடுத்துவிட்டார், டோர்வலில் ஓர் அறையில் தனியாக இருக்கிறார். றெஜினாக்கா விட்டுப்போன பானை அவரிடம் இருக்கிறது. அதில்தான் தனக்குச் சோறு வைக்கிறார்.