உப்பு போட்ட ஐஸ்

ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கும் ஜூலியட் மேல் எனக்கு ஆறு வருஷமாக ஒரு மனக்குறை. என் சிநேகிதன் யேசுராஜின் ரத்தத்தை டெஸ்டுக்கு என் கையில் கொடுத்தபோது, "ஜில்லுன்னு கொண்டு போங்கண்ணே" என்று மட்டும்தான் அந்தப் பெண் சொன்னது, எப்படிக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லவே இல்லை. கேட்டவர்களிடமெல்லாம் இப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது அவனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அதை அப்படியே எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். எட்டாவதோடு நின்றவன் எழுத்து, முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யேசுராஜுக்கு வீடு தருமபுரத்தில். கிளிஞ்சல்மேட்டுக்குப் போகிற வழியில் உள்ள ஐஸ் பிளான்ட்டில் இருபத்துமூன்று வருஷம் வேலை செய்தான். நான் வரிச்சிக்குடிக்காரன், மீன் வண்டி ஓட்டுகிறேன். கிளிஞ்சல்மேட்டில் மீன் ஏற்றி, அவனிடம் ஐஸ் போட்டுக்கொண்டு கும்பகோணம் மார்க்கெட்டுக்குப் போவேன். வாரத்தில் ஆறு நாள் அவன் முகத்தில் விழித்தேன் என்று வையுங்கள்.

நீளக் கட்டியாக வரும் ஐஸ் பாரைக் கொக்கியால் ஒரு தட்டுத் தட்டுவான். சத்தத்தை வைத்தே உள்ளே உறைந்திருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவான். "இது வேணாம் மாப்ள, வயிறு இன்னும் தண்ணியாத்தான் இருக்கு" என்று திருப்பித் தள்ளுவான். நான் சந்தேகப்பட்டு ஒருமுறை அந்தப் பாரை உடைத்துப் பார்த்தேன். நடுவில் தண்ணீர்தான். அவன் என்னை ஏளனமாகப் பார்த்துவிட்டு அடுத்த பாரைத் தட்டப் போனான்.

ஐஸைத் தொட்டே பிழைத்தவன், குளிர்ந்ததாக எதையும் வாயில் வைக்கமாட்டான். ஜூஸ் கடையில் "ஐஸ் போடாம" என்பான். வீட்டில் ஃப்ரிட்ஜ் வாங்கவும் விடவில்லை. "பகல் பூரா அது மூஞ்சியத்தான் பாக்குறேன், வீட்டுக்கு வந்தும் பாக்கணுமா" என்று அவன் மனைவி சலோமியிடம் சண்டை பிடிப்பான்.

அவனுக்கு இருந்த ஒரே ஆசை வேடிக்கையானது. அவன் அண்ணன் பிரான்சில் இருக்கிறார். குளிர்காலத்தில் தெருவெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிற படத்தைப் போனில் அனுப்புவார். யேசு அதை என் மூக்குக்கு முன்னால் நீட்டுவான்.

"பாருடா, கரண்டும் இல்ல, மோட்டாரும் இல்ல, சும்மா மேலேருந்து கொட்டுது. இங்க இப்படிக் கொட்டுனா என் பொழப்பு என்னாவறது."

"நீ அங்க போயி நின்னு என்னடா பண்ணப்போற?"

"ஒண்ணும் பண்ணமாட்டேன். கைய பாக்கெட்டுல வச்சுகிட்டு சும்மா நிப்பேன். நான் தூக்காத ஐஸ ஒரு தடவ பாக்கணும் மாப்ள."

அதற்காகவே பாஸ்போர்ட் எடுத்து பீரோவில் துணிக்கு அடியில் வைத்திருந்தான்.

வண்டியில் ஐஸ் போட்டு முடித்ததும் பின்கதவில் கொக்கிக் கட்டையால் மூன்று தட்டுத் தட்டுவான். கிளம்பு என்று அர்த்தம். இப்போது இருக்கிற ஆட்கள் "ரைட்டு" என்கிறார்கள். அவர்கள் சொன்ன பிறகும் நான் கொஞ்சநேரம் சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் நிற்கிற வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான்.

ஆறு வருஷத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். ஐஸ் உடைக்கிற மெஷினுக்குப் பார்கள் சறுக்கிப்போகிற பலகையில் தடுப்புக் கட்டை நழுவிவிட்டது. மூன்று பார் சேர்ந்தாற்போல் வந்து, ஒவ்வொன்றும் ஐம்பது கிலோ, யேசுவின் வலது காலை இரும்புச் சட்டத்தோடு வைத்து நசுக்கிவிட்டன. முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்தது. தரையில் மீன் கழிவுத் தண்ணீர். காயம் அதில்தான் கிடந்தது. என் வண்டியில்தான் ஏற்றிக்கொண்டு போனேன்.

ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அன்றைக்கே ஆபரேஷன் நடந்தது. கழுவிச் சுத்தம் செய்து கம்பி வைத்துக் கட்டினார்கள். டாக்டர் என்னையும் சலோமியையும் உட்காரவைத்துப் பேசினார்.

"எலும்பு கூடிடும். எனக்குப் பயமெல்லாம் கிருமி ரத்தத்துல கலந்துடக் கூடாதுங்கறதுதான். கலந்தா கிட்னி, நுரையீரல்னு ஒவ்வொண்ணா அடிபடும். அத முன்கூட்டியே காட்டிக்குடுக்கிற டெஸ்ட் இருக்கு, புரோகால்சிடோனின்னு பேரு. பெரிய அடி பட்டாலே மொத நாள் அது கொஞ்சம் ஏறத்தான் செய்யும். அப்பறம் நாளுக்கு நாள் எறங்கணும். எறங்காம மறுபடி ஏறுச்சுன்னா உள்ள ஏதோ நடக்குதுன்னு அர்த்தம். காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடியே சில பேருக்குத் தெரிஞ்சிடும். அது ஒண்ண மட்டும் வச்சு முடிவு பண்ணமாட்டோம், ஆனா அது வேணும்."

எனக்குப் பெயர் வாயில் நுழையவில்லை. ஏறக் கூடாது, இறங்க வேண்டும் என்பது மட்டும் புரிந்தது.

அந்த டெஸ்ட் இங்கே கிடையாது. ரத்தம் கும்பகோணத்தில் ஒரு லேபுக்குப் போக வேண்டும். புதன்கிழமை எடுத்ததை அவர்களுடைய ஆள் வந்து வாங்கிப்போனான். கொஞ்சம் ஏறியிருக்கிறது, பயமில்லை என்றார்கள். அடுத்தது வெள்ளிக்கிழமை. அன்றைக்கு அந்த ஆள் வரவில்லை. யேசு கட்டிலில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். காய்ச்சல் இல்லை.

"அதான் நம்ம தெட்சிணாமூர்த்தி தினம் கும்பகோணம் போறாருல்ல. மீனோட மீனா நானும் போயிட்டு வர்றேன்" என்று என்னைக் காட்டிச் சொன்னான்.

ஜூலியட் குப்பியை என்னிடம் கொடுத்தது. ரத்தத்தில் தெளிந்து நிற்கிற நீரைத் தனியாகப் பிரிக்கிற மெஷின் பழுது, அதனால் முழு ரத்தமாகவே போகிறது, பத்திரம் என்றது. அதன் பிறகு சொன்னதுதான் நான் இத்தனை வருஷமாக விழுங்கி வைத்திருப்பது.

"ஜில்லுன்னு கொண்டு போங்கண்ணே. ஆனா ஒண்ணு, ஐஸ் மேல நேரா..."

"ஐஸப் பத்தி எனக்குச் சொல்லித் தர்றியாம்மா? நீ பொறக்குறதுக்கு முன்னாடிலேருந்து ஐஸ் ஏத்துறேன்."

அந்தப் பெண் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டது. நானும் வந்துவிட்டேன்.

தூரம் போகிற மீனுக்கு ஐஸோடு கல்லுப்பைத் தூவுவது எங்கள் வழக்கம். உப்புப் பட்ட ஐஸின் குளிரே வேறு. மீன் கட்டையாக இறுகிவிடும், நாள் பூரா கெடாது. யேசுவின் ரத்தம் கெட்டுவிடக் கூடாதே என்று நல்ல பாராகப் பார்த்து நொறுக்கி, இரண்டு கை உப்பு அள்ளிப் போட்டு, குப்பியை நடுவில் புதைத்து, மேலேயும் ஐஸை அழுத்தி மூடினேன். அவ்வளவு அக்கறையாக எந்த மீனையும் நான் கட்டியதில்லை. சாயங்காலம் லேபில் கொடுத்தபோது பெட்டி திறந்ததும் குளிர்ப் புகை வந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

சனிக்கிழமை காலை அங்கிருந்து ஜூலியட்டுக்குப் போன் வந்தது. ரத்தம் ஐஸாக உறைந்து, இளகும்போது ரத்த அணுவெல்லாம் உடைந்துபோயிருக்கிறது, டெஸ்ட் போட முடியாது, புதிதாக அனுப்புங்கள் என்று. நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது யேசுவுக்கு உடம்பு கொதித்தது. மேல்மூச்சு வாங்கியது. டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்து, மறுபடி ஆபரேஷன், மருந்தை மாற்றுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது குப்பி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. அன்று மத்தியானமே ரிசல்ட் சொல்லிவிட்டார்கள். புதன்கிழமை இருந்ததைப் போல் இருபது மடங்கு. நான் திரும்பி வந்தபோது அவன் வாயில் குழாய் வைத்திருந்தார்கள். புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். கிட்னி நின்றுவிட்டது. அடுத்த புதன்கிழமை எல்லாம் முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ரத்தம் கெடாமல் இருந்தால் பிழைத்திருப்பானா என்று டாக்டரைக் கேட்டேன். "ஒரு நாள் முன்னாடி தெரிஞ்சிருக்கும். அதுக்கு மேல என்னால சொல்ல முடியாதுங்க" என்றார். அந்த ஒரு நாளை நான் எங்கே போட்டு வைப்பது என்று தெரியவில்லை.

நான் சொல்ல விடாமல் தடுத்ததை ஜூலியட் யாரிடமும் சொல்லவில்லை. சலோமியிடம்கூடச் சொல்லவில்லை. நான்தான் முந்திக்கொண்டு அதன் மேல் பழியைப் போட்டேன்.

டிசம்பரில் இப்போதும் அவன் அண்ணன் படம் அனுப்புகிறார். சலோமி அதை எனக்கு அனுப்பிவிடும். வெள்ளைத் தெரு, யாரும் இருக்கமாட்டார்கள். அவன் எங்கே நின்றிருப்பான் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன்.

அந்தச் சனிக்கிழமை காலையைச் சொல்ல வேண்டும். ஆபரேஷனுக்குக் கொண்டுபோகுமுன் ஜூலியட் அவன் கையில் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தது. நான் கட்டில் ஓரத்தில் நின்றேன். ரத்தம் உறைந்துபோன சேதி அவன் காதிலும் விழுந்திருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்தான்.

"உப்பு போட்டியாடா?"

"போட்டேன்."

"எத்தன கை?"

"ரெண்டு."

சிரிக்கப் பார்த்தான், இருமல் வந்துவிட்டது. "என்னயும் கட்ட மீனாக்கிட்டியே மாப்ள."

"வேற வண்டி வச்சு அனுப்பச் சொல்றேண்டா. பஸ்ல குடுத்துவிடலாம்."

அவன் இல்லை என்று தலையை ஆட்டினான். தலைமாட்டில் கிடந்த துண்டைக் காட்டினான். காய்ச்சலில் அவன் முகம் துடைத்த துண்டு.

"அதுல நாலு சுத்து சுத்து. ஐஸு கீழ இருக்கட்டும், இது மேல இருக்கட்டும். உப்பு கிட்டக்கவே வரக் கூடாது."

ஜூலியட் குப்பியை மூடிக்கொண்டு யாரிடம் கொடுப்பது என்று பார்த்தது. நான் கையை நீட்டவில்லை. அவன்தான் சொன்னான்:

"அவன்கிட்டயே குடும்மா. டேய், இதயும் நீதான் எடுத்துட்டுப் போவணும். வேற எவன்கிட்டயும் குடுத்துடாத."