கடைசி வரியில் அண்ணன் பேர்

ரெஸ்யூம் எப்படி எழுதுவது என்று இப்போது என்னிடம் பலபேர் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே பக்கத்தில் முடியுங்கள். பொய் எழுதாதீர்கள். கடைசி வரியில் உங்கள் முதலாளி பேரைப் போடாதீர்கள். முதல் இரண்டையும் மறந்தாலும் மூன்றாவதை மறக்காதீர்கள்.

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்த்தேன். கல்யாணம் ஆன புதிதில் சேர்ந்தது. வயது நாற்பதைத் தாண்டியும் அங்கேயேதான் இருந்தேன். அட்டென்டன்ஸில் என் பேருக்கு நேராக 'செக்கிங்' என்று போட்டிருக்கும். சேர்ந்த அன்றைக்குப் போட்டது, மாறவே இல்லை. ஆனால் வருகிற உதிரிபாகங்களைப் பார்ப்பது, பூட்டிய பம்பை ஓட்டிப் பார்ப்பது, டீலர் திருப்பி அனுப்பிய பம்பைப் பிரித்து ஏன் போனது என்று கண்டுபிடிப்பது, சப்ளையரிடம் சண்டை போடுவது எல்லாம் நான்தான். பெரிய கம்பெனியில் இதற்குக் குவாலிட்டி மேனேஜர் என்று பேர். எங்கள் கம்பெனியில் 'அந்த அம்மணியைக் கூப்பிடு' என்று பேர்.

முதலாளியை நாங்கள் எல்லோரும் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனுசர் என்று ஊரே சொல்லும். ஆயுதபூஜைக்கு அவர் கையாலேயே எங்களுக்கு இலை போட்டுப் பரிமாறுவார். என் வீட்டுக்காரர் பைக்கில் இருந்து விழுந்து கால் உடைந்து கிடந்தபோது, ஆஸ்பத்திரிக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். "நீ பதறாத கண்ணு. மனுசனைப் பாத்துக்கோ. வேலை எங்கீம் போயிராது" என்றார். அந்த ஒரு தடவைதான் நான் தொடர்ந்து லீவு போட்டேன். அதையும் அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து ஈடுகட்டிவிட்டேன். அவர் கேட்கவில்லை. நானாகத்தான் வந்தேன்.

காரமடை ரோட்டில் ஒரு பெரிய கம்பெனியில் குவாலிட்டிக்குத் தலைமையாக ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. சொன்னவள் எங்கள் பில்லிங்கில் முன்பு இருந்த பெண். என்னைவிட இளையவள், இப்போது சரவணம்பட்டியில் ஒரு ஆபீஸில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறாள். "அக்கா, இதை உட்டா இன்னொண்ணு வராது. நாப்பத்தஞ்சு தாண்டுனா பேப்பரையே பிரிக்க மாட்டாங்க" என்றாள். எனக்கும் தெரியும். செக்கிங்காகவே ரிட்டையர் ஆவதா, செய்த வேலைக்கு உரிய பேரோடு ஒரு நாற்காலியில் உட்காருவதா என்பதுதான் விஷயம்.

எனக்கு ரெஸ்யூம் கிடையாது. எங்கள் பக்கத்தில் அது பெரிதாகத் தேவைப்பட்டதும் இல்லை. 'நம்ம ஆளுதான், சேத்துக்கோங்க' என்று யாராவது ஒரு வார்த்தை சொன்னால் வேலை. நானும் அப்படித்தான் சேர்ந்தேன். அதனால் பஸ் ஸ்டாப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போய் ஒன்று அடித்துக்கொண்டு வந்தேன். அங்கே எல்லோருக்கும் ஒரே ரெஸ்யூம்தான், பேரை மட்டும் மாற்றுவார்கள். அப்பா பேர், மதம், கல்யாணம் ஆனதா, பொழுதுபோக்கு பாட்டுக் கேட்பது, மேற்கண்டவை யாவும் உண்மை என்று உறுதி கூறுகிறேன். மூன்று பக்கம். நான் என்ன வேலை செய்தேன் என்பது மட்டும் அதில் ஒரு வரி.

அவள் அதைப் பார்த்துச் சிரித்தாள்.

"இது என்னக்கா, ஜாதகமா? பொண்ணு பாக்கவா வாறாங்க?"

"கடைக்காரன் இப்படித்தான் அடிச்சுக் குடுத்தான்."

"கிழிச்சுப்போடுங்க. என்ன வேலைன்னு எழுதாதீங்க. என்ன செஞ்சீங்க, அதுனால என்ன ஆச்சு. அது போதும்."

அவள் வீட்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து புதிதாக எழுதினோம். மோட்டார் கருகித் திரும்பி வந்த பம்புகளைப் பற்றிச் சொன்னேன். எல்லோரும் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிறவர்களைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பிரித்துப் பிரித்துப் பார்த்து, மோட்டாருக்குள் தண்ணீர் போகாமல் தடுக்க வேண்டிய சீல் வழியாகவே தண்ணீர் இறங்குகிறது என்று கண்டுபிடித்தேன். பொருத்துவதற்கு முன்பே ஒவ்வொரு சீலையும் சோதிக்க ஒரு ஏற்பாடு செய்தேன். அதற்குப் பிறகு அந்தக் காரணத்துக்காகப் பம்ப் திரும்பி வருவது ஏறக்குறைய நின்றுபோனது. இதை எழுதச் சொன்னால் எனக்குக் கை வரவில்லை. 'நாங்க எல்லாருஞ் சேந்து' என்றேன். 'அண்ணன் சொன்னாரு, செஞ்சோம்' என்றேன்.

"அண்ணன் சொன்னாரா?"

"இல்ல. அவரு காயில் கட்டறவங்களை மாத்தச் சொன்னாரு."

"அப்பறம் எதுக்கு அவரை இழுக்கறீங்க? நீங்க செஞ்சதுக்கு நீங்கதான் பேரு போட்டுக்கோணும்."

எழுதினோம். அது நன்றாகவே வந்தது. ஒரு பக்கம். படித்துப் பார்த்தபோது இத்தனை வேலை நானா செய்தேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கடைசியில் ரெஃபரன்ஸ் என்று அண்ணன் பேரும் போன் நம்பரும் எழுதச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டாள்.

"வேண்டாக்கா. கேட்டா அப்பறம் குடுத்துக்கலாம். இருக்கற எடத்து மொதலாளி பேரை யாராச்சும் போடுவாங்களா?"

"அவரு பேரு போடாம எப்படிம்மா? நாளைக்குத் தெரிஞ்சா, சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டாள்னு நெனைக்க மாட்டாரா?"

"நெனச்சா நெனச்சுட்டுப் போறாரு."

நான் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அப்படிப் போகிற வழக்கம் இல்லை. வீட்டை விட்டுக் கிளம்பினாலும் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவோம். சொல்லாமல் போகிறவள்தான் கெட்டவள். மறுநாளே அண்ணனிடம் போய்ச் சொன்னேன். டேபிளில் இருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"நல்ல எடம் அம்மணி. அந்த மொதலாளி நமக்கு வேண்டப்பட்டவருதான். எம் பேரைத் தாராளமாப் போட்டுக்கோ. கேட்டா நாஞ் சொல்றேன்."

"உங்களை உட்டுட்டுப் போறேன்னு நெனைக்காதீங்கண்ணா."

"ச்சே. எங்க இருந்தாலும் நீ நம்மூட்டுப் புள்ளைதான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்றைக்கு அதை நினைத்தால் எரிகிறது.

இன்டர்வியூவுக்கு வீட்டுக்காரர்தான் பைக்கில் கொண்டுபோய் விட்டார். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறேன் என்றார். உள்ளே அந்த முதலாளியும் அவருடைய மேனேஜரும். முதலாளி வயதானவர். அந்தப் பெரியவருக்குக் காது கொஞ்சம் மந்தம். மேனேஜர் கேள்வி கேட்டார், பெரியவர் என் பேப்பரை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். சீல் விஷயத்தைப் பற்றி நிறையக் கேட்டார்கள். எல்லாம் சொன்னேன். நான் செய்த வேலை, அதனால் தடுமாறவில்லை. மேனேஜர் எப்போது சேர முடியும் என்றுகூடக் கேட்டுவிட்டார்.

பெரியவரின் விரல் கடைசி வரிக்கு வந்தது.

"அட. நம்ம ஆளுகிட்டயா இருக்கறீங்க? இருங்க, ஒரு வார்த்தை கேட்டுப்போடலாம்."

காது கேட்காது என்பதால் ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தார். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். சந்தோஷமாக உட்கார்ந்திருந்தேன்.

"ஏனுங்க, நல்லா இருக்கறீங்களா? ஊட்டுல எல்லாருஞ் சொகமுங்களா?"

"நல்லா இருக்கறமுங்க. சொல்லுங்க."

"உங்ககிட்டச் செக்கிங்ல இருக்கற அம்மணியோட பேப்பர் வந்திருக்குதுங்க. உங்க பேரைப் போட்டிருக்குது. ஆளு எப்படிங்க?"

"தங்கமான புள்ளைங்க. கை சுத்தம். அதுல ஒரு கொறையுஞ் சொல்ல முடியாதுங்க."

பெரியவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

"ஆனா பாருங்க," என்றது போன், "ஊட்டுக்காரருக்கு ஒடம்பு முடியாதுங்க. பாவம். நெனச்சா லீவு. நாம ஏதோ நம்ம புள்ளைன்னு அனுசரிச்சு வெச்சிருக்கறமுங்க. உங்க மாதிரிப் பெரிய எடத்துல அது ஒத்துவருமான்னு நீங்கதான் பாத்துக்கோணும். வாயும் கொஞ்சம் அதிகமுங்க."

"அப்படீங்களா. ஏதோ சீல் பிரச்சனை, இவங்கதான் கண்டுபுடிச்சாங்கன்னு எழுதியிருக்குதுங்க."

போனில் ஒரு சிரிப்பு. எனக்கு நன்றாகப் பழக்கமான சிரிப்பு.

"அதுங்களா? அது நாம எல்லாருஞ் சேந்து பண்ணுனதுங்க. பொம்பளைப் புள்ளை, எழுதிக்கிட்டுப் போகுது, உடுங்க. நாஞ் சொன்னேன்னு மட்டும் வேண்டாமுங்க."

"செரிங்க. வெச்சுடட்டுங்களா?"

அவ்வளவுதான். ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. குரல் உயரவில்லை. ஒவ்வொரு வாக்கியத்திலும் மரியாதை. அப்படித்தான் எங்கள் ஊரில் ஒரு ஆளை முடிப்பார்கள்.

மேனேஜர் பேனாவை மூடினார். பெரியவரால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் கெட்டவர் இல்லை. ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டது அவருக்கே சங்கடமாகிவிட்டது.

"நாஞ் சொல்லலாமுங்களா?" என்றேன்.

"சொல்லுங்க அம்மணி."

"ஊட்டுக்காரருக்குக் கால் ஒடஞ்சப்ப லீவு போட்டனுங்க. அது பழைய கதை. இப்ப அவருதான் பைக்குல கூட்டியாந்தாரு. வெளிய வேப்பமரத்தடியில நிக்கறாரு. வந்து பாருங்க."

அவர் எழுந்திருக்கவில்லை.

"சீல் விஷயத்துல உங்களுக்குச் சந்தேகம்னா, அண்ணன் என்ன கண்டுபுடிச்சாருன்னு அவர்கிட்டவே கேளுங்க. என்னைக் கேட்ட மாதிரியே கேளுங்க. பதில் வருதான்னு பாருங்க."

"அதெல்லாம் எதுக்குங்க அம்மணி," என்றார் பெரியவர். "நாளைக்கு அவரும் நானும் ஒரே கல்யாணத்துல உக்காந்து சாப்பிடோணும். அவரு வேண்டாம்னு ஜாடையாச் சொன்ன ஆளை எடுத்தா நல்லா இருக்குமுங்களா? நீங்க வருத்தப்படாதீங்க. காப்பி குடிச்சுட்டுப் போங்க."

காப்பி குடிக்கவில்லை. வெளியே வந்தேன். வீட்டுக்காரர் கடலை தின்றுகொண்டிருந்தார்.

"என்னாச்சு?"

"உங்களுக்கு ஒடம்பு முடியாதாமா. அதனால வேலை இல்லை."

"எனக்கா? யாரு சொன்னது?"

"ஹார்லிக்ஸ் வாங்கியாந்தவருதான்."

அவர் கடலைப் பொட்டலத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பைக்கைக் கிளப்பினார்.

மறுநாள் வேலைக்குப் போனேன். அண்ணன் அவராகவே கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"என்ன அம்மணி, போயிட்டு வந்தியா? என்ன சொன்னாங்க?"

"ஸ்பீக்கர்ல போட்டாருங்க."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்தபோது முகம் மாறும், தலை குனிவார் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஒன்றும் ஆகவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"உன்னை உட்டா எனக்கு ஆரு கண்ணு இருக்கறா? நீ போயிட்டா இங்க செக்கிங்கை ஆரு பாக்கறது? எம் பக்கத்தையும் யோசிச்சுப் பாரு."

"அதை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே. போகாத, இங்கயே மேனேஜராப் போடறேன்னு சொல்லியிருக்கலாம்."

"மேனேஜர்னு போட்டா மத்தவங்க என்ன நெனைப்பாங்க?"

அவருடைய பக்கம் அதுதான். என்னை விடவும் மனசில்லை, உயர்த்தவும் மனசில்லை.

"நான் வேலையை உட்டு நின்னுக்கறனுங்க," என்றேன். "எனக்கு அனுபவச் சான்று வேணும். செஞ்ச வேலையெல்லாம் போட்டு லெட்டர்பேடுல எழுதிக் குடுங்க. சீல் விஷயமும் போடுங்க. போன்ல சொன்னதுதான் நெசம்னா அதையும் போடுங்க. ஊட்டுக்காரருக்கு முடியாது, நெனச்சா லீவு, வாய் அதிகம். எல்லாம் எழுதிக் கீழ கையெழுத்துப் போடுங்க."

அவர் மேஜை மேல் இருந்த பேனாவை நகர்த்தி வைத்தார்.

"எழுத்துல எல்லாம் எதுக்கு அம்மணி? ஆராச்சும் கேட்டா நான் வாய்லயே சொல்றேன்."

அதற்கு மேல் அங்கே உட்கார எனக்கு ஒன்றும் இல்லை. அந்த மாதத்தோடு நின்றேன். கடைசி நாள் யாரும் இலை போட்டுப் பரிமாறவில்லை.

அந்த ஒரு பக்கத்தில் கடைசி வரியை மட்டும் வெட்டிவிட்டுப் பல இடங்களுக்கு அனுப்பினேன். உள்ளூரில் கூப்பிட்டவர்கள் எல்லாம் முதலில் கேட்டது 'அங்க ஏன் நின்னீங்க, அவரு நல்ல மனுசராச்சே' என்பதுதான். கடைசியில் சோமனூர்ப் பக்கம் ஒரு வெளியூர்க் கம்பெனியின் தொழிற்சாலையில் எடுத்தார்கள். கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசிய இரண்டு பேருக்கும் தமிழ் தெரியாது, எங்கள் ஊரில் யாரையும் தெரியாது. நான் எழுதியதைப் பற்றி மட்டும் கேட்டார்கள், எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் சொன்னேன். தலைமைப் பதவி இல்லை, அதற்கு ஒரு படி கீழே. என் வயதுக்கு இனி அந்தப் படி ஏற முடியுமா என்று தெரியவில்லை. ஆனால் அடையாள அட்டையில் என் வேலைக்கு ஒரு பேர் இருக்கிறது.

போன ஆவணியில் காரமடையில் ஒரு கல்யாணம். பந்தியில் அண்ணனும் அந்தப் பெரியவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியவர் என்னைப் பார்த்ததும் இலையைப் பார்த்தார். அண்ணன் கையைத் தூக்கிக் கூப்பிட்டார்.

"அம்மணி, சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு, தன் மறுபக்கம் இருந்த வேறொருவரிடம் திரும்பினார். "நம்மகிட்ட இருந்த புள்ளைங்க. இன்னிக்குப் பெரிய கம்பெனியில இருக்குது. நாந்தான் வேலை பழக்கி, சொல்லி அனுப்பிவெச்சேன்."

"ஆமாங்க," என்றேன் அந்த ஆளிடம். "இவரு ஒரு வார்த்தை சொன்னாரு, கெடச்ச வேலை போயிருச்சு. இதா, உக்காந்திருக்கறாரே, இவருகிட்டத்தான் சொன்னாரு. கேட்டுப் பாருங்க."

பெரியவருக்கு அது காதில் விழவில்லை போலிருக்கிறது. அல்லது விழுந்தது. அண்ணன் மட்டும் சிரித்தார். அதே சிரிப்பு.

"நாஞ் சொல்லலீங்களா," என்றார் பெரியவரிடம், "வாய் கொஞ்சம் அதிகமுங்க."