மாமாவின் ஆறாவது சக்கரம்

என் பத்தாவது வயதில், மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் விடியற்காலையில், காரைக்காலில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் எனக்கு ஆக்ஞா சக்கரம் திறந்தது. இரண்டு புருவங்களுக்கும் நடுவே இரண்டே இதழ்களோடு ஒரு தாமரை இருப்பதாகச் சொல்வார்கள் அல்லவா, அதுதான். இப்போதே சொல்லிவிடுகிறேன், அது பொய். ஆனால் அந்தப் பொய்யை நான் சொன்ன நேர்த்தியை நினைத்தால் இன்றைக்கும் முதலில் கொஞ்சம் கர்வம் வருகிறது. வெட்கம் அதற்குப் பின்னால்தான் வருகிறது. பன்னிரண்டு வருஷமாகியும் இந்த வரிசை மாறவில்லை.

பொய்யைக் கேட்டுக்கொண்டவர் என் மாமா, அம்மாவின் அண்ணன். அத்தை வீட்டார் பிரெஞ்சு நேஷனாலிட்டி. அத்தையைக் கட்டிக்கொண்டதில் மாமாவுக்கும் அது கிடைத்து, அங்கே போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தார். அப்படிப் போனவர்களை எங்கள் ஊரில் ‘சொல்தா’ என்பார்கள். தபால்காரர்கூட எங்கள் வீட்டை சொல்தா வீடு என்றுதான் சொல்வார். பதினேழு வருஷம் இருந்துவிட்டு, நாற்பது வயதில் பென்ஷனோடு மாமா திரும்பினார். ஆறு மாதம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவர்தான். நான் சொல்லும் அந்த மே மாதத்தில் அது மூன்றாவது வருஷம்.

அத்தை அங்கே ஒரு பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டில் வேலை பார்த்துக்கொண்டு மகனோடு இருந்தாள். ஞாயிறு தோறும் பிற்பகலில் போன் வரும். மாமா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஈஸிசேரில் சாய்ந்துகொள்வார்.

“எப்ப வர்றீங்க?” என்பாள் அத்தை.

“இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு” என்பார் மாமா.

அந்த ஒன்று எது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். மாமா சக்கரம் சக்கரமாக ஏறிக்கொண்டிருந்தார். ஐந்து முடிந்திருந்தது. ஆறாவதில் நின்றுபோய் இரண்டு வருஷமாகியிருந்தது.

இதையெல்லாம் மாமா படித்துக்கொண்டது பிரான்சில். வெயிலும் மணலுமான ஏதோ ஒரு நாட்டுக்கு அவரை அனுப்பியிருக்கிறார்கள். அங்கிருந்து வந்த பிறகு அவருக்குத் தூக்கம் போய்விட்டது. பட்டாள ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு வெள்ளைக்காரம்மா மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்து, ஒரு புத்தகமும் கையில் கொடுத்தாள். காரைக்காலில் பிறந்தவர் மூலாதாரம் என்ற சொல்லை முதன்முதலாகப் பிரெஞ்சில் படித்தார். ஊருக்கு வரும்போது ஒரு படமும் சுருட்டிக்கொண்டு வந்தார். சம்மணமிட்ட ஒரு மனித உருவம், அதன் முதுகுத்தண்டு நெடுக வானவில் நிறத்தில் வட்டங்கள். மாடிப்படிக் கூண்டின் சுவரில் அதை ஒட்டி, பிரெஞ்சு எழுத்துகளுக்குப் பக்கத்தில் பேனாவால் தமிழிலும் எழுதிவைத்தார்.

அந்தப் படத்தை நான் ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிட்டேன். தண்டின் அடியில் மூலாதாரம், நான்கு இதழ். அதற்கு மேல் சுவாதிட்டானம், ஆறு. தொப்புளுக்கு நேரே மணிபூரகம், பத்து. நெஞ்சில் அனாகதம், பன்னிரண்டு. தொண்டையில் விசுத்தி, பதினாறு. புருவ நடுவில் ஆக்ஞை, இரண்டு. உச்சந்தலையில் ஆயிரம் இதழ். அதை நம்மவர்கள் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. ஆதாரங்கள் ஆறு, உச்சி என்பது போய்ச் சேரும் இடம். அடியில் சுருண்டு தூங்கும் குண்டலினி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஒவ்வொன்றாகத் துளைத்து மேலே போக வேண்டும். அந்த வானவில் நிறங்கள் பிற்காலத்துச் சேர்க்கை, பழைய நூல்களில் நிறங்களே வேறு என்று கல்லூரிக்குப் போன பிறகு நான் கண்டுபிடித்து, வீட்டில் ஒவ்வொருவரையும் உட்காரவைத்துச் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்து முடித்தாள்.

மாமா பட்டாளத்தில் கப்போராலாக இருந்தவர். எத்தனையோ வருஷம் காத்திருந்து கிடைத்த பதவி அது. சக்கரங்களையும் அவர் அப்படித்தான் பார்த்தார். ஒன்றை முடிக்காமல் அடுத்ததற்குப் போகக் கூடாது. கட்டம் போட்ட நோட்டு ஒன்றில் தினமும் காலையில் எழுதுவார்: எத்தனை மணிக்கு உட்கார்ந்தது, எத்தனை மூச்சு, என்ன தெரிந்தது. அப்பாவுக்கு இதில் தீராத வேடிக்கை.

“மச்சான், மூலாதாரத் தலம்னா திருவாரூர்தானே. காலம்பற ரயிலப் புடிச்சா மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிடலாம். எதுக்கு வீட்டுலயே உக்காந்து இவ்ளோ செரமப்படுறீங்க?”

மாமா சிரிப்பார். கோபித்துக்கொள்ள மாட்டார். ஐந்து சக்கரம் ஏறியவர் கோபித்துக்கொள்ளலாமா.

அந்தக் கோடை விடுமுறையில் அம்மா என்னையும் அவரிடம் ஒப்படைத்தாள். காரணம் ஆன்மிகம் அல்ல. நான் ஒரு இடத்தில் இருக்க மாட்டேன். சாப்பிடும்போதே எழுந்து போய் யாரோ வந்த சத்தம் என்னவென்று பார்த்துவிட்டு வருவேன்.

“இவளுக்கு இருக்குற ஒரே சக்கரம் காலுலதான் இருக்கு. நீங்களாவது உக்கார வைங்கண்ணே” என்றாள் அம்மா.

மறுநாளிலிருந்து ஐந்து மணிக்குக் கால்மணி நேரம் முன்னால் மாடிக்குப் போக வேண்டும். கிழக்குப் பார்த்து இரண்டு பாய். மாமா “கார்தவூ” என்பார். பட்டாளத்தில் விறைப்பாக நிற்கச் சொல்லும் வார்த்தை அது. எங்களுக்கு முதுகை நிமிர்த்திக் கண்ணை மூடு என்று அர்த்தம். “ரெப்போ” என்றால் போதும், தளர்த்திக்கொள்ளலாம். இந்த இரண்டு வார்த்தைகளுக்கும் நடுவில் முக்கால் மணி நேரம். பிரெஞ்சில் எனக்கு மிகப் பிடித்த வார்த்தை இன்று வரை ரெப்போதான்.

நான் கண்ணை மூடுவேன். அரை நிமிஷத்தில் முட்டி தானாக ஆட ஆரம்பிக்கும். பிறகு ஒரு கண் திறந்துகொள்ளும். தென்னந்தலைகளுக்கு அப்பால் கடற்கரையிலிருந்து லைட்ஹவுஸ் வெளிச்சம் சுற்றி வரும். வந்து மாமாவின் முகத்தில் மெல்லப் பட்டு, அவருடைய மூடிய இமைகளைத் தடவிவிட்டுப் போகும். ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். ஏழு எண்ணும்போது திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் அவர் முகம் ஒரே மாதிரிதான் தெரியும். புருவங்கள் சுருங்கி, கடைசி பஸ் போய்விட்டதா இல்லையா என்று தெரியாமல் நிற்பவர் மாதிரி.

மூன்று வாரம் போனது. நோட்டில் என் பெயருக்கு நேரே மாமா எழுதியிருந்ததைத் திருட்டுத்தனமாகப் பார்த்தேன். ‘மூலாதாரம். முட்டி ஆடுகிறது.’ மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே. வகுப்பில் முதல் ரேங்க் வாங்குகிறவளுக்கு இது தாங்குமா. ஒன்றாவதிலேயே பெயிலாகிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரத்து போனில் ஒரு சங்கதி நடந்தது. அத்தை வழக்கமான கேள்வியைக் கேட்டு, மாமா வழக்கமான பதிலைச் சொன்ன பிறகு, வேறு ஒரு குரல் “பப்பா” என்றது. கரகரவென்று, கட்டையாக. மாமா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். “யாரு?” என்று கேட்டார். அத்தைதான் சொன்னாள்: “ஒங்க மவன்தான். கொரல் ஒடஞ்சிடுச்சு. ஒரு மாசமாச்சு.”

அதை ஒரு வேடிக்கையான விஷயமாக நான் அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அப்பா சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு. உட்கார்ந்து பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. கீழே அம்மா அடைக்கு அரைத்து வைத்திருந்த மாவின் நினைப்பு. காலில் எறும்பு. ரெப்போவுக்கு இன்னும் எவ்வளவோ நேரம். என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது.

“மாமா, தெரிஞ்சிடுச்சு.”

“என்ன?”

“வெளிச்சம். இங்க.” புருவ நடுவைத் தொட்டுக் காட்டினேன்.

மாமா கண்ணைத் திறந்தார். ரெப்போ சொல்லாமல் அவர் கண் திறந்து நான் பார்த்ததில்லை. பாயிலிருந்து எழுந்து வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார். கடல் இப்போது அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

“என்ன நெறம்?”

படத்தில் ஆறாவது வட்டம் கருநீலம். “கருநீலம் மாமா. நடுவுல வெள்ளை.”

“அப்படியே நின்னுச்சா?”

நின்றது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நல்ல பொய்யில் கொஞ்சம் விவரம் இருக்க வேண்டும் என்பது அந்த வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது. “இல்ல. வந்து வந்து போச்சு.”

“போனா, எத்தன எண்ணுனா திரும்ப வருது?”

“ஏழு.”

வகுப்பில் வாய்ப்பாடு சொல்வது போலப் பட்டென்று சொன்னேன். மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்குப் பின்னால் லைட்ஹவுஸ் வெளிச்சம் ஒரு சுற்று வந்து போனது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு சுற்றும் வந்தது.

“சரி. ரெப்போ” என்றார். நோட்டை எடுத்து ஏதோ எழுதினார். எழுதி முடித்தும் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தார்.

சாப்பிட உட்கார்ந்தபோது வீடு அமர்க்களப்பட்டது. “ஒண்ணாவதுலேர்ந்து ஆறாவதா? இது டபுள் புரமோஷன்கூட இல்லடி” என்றார் அப்பா. “நெசமாவா? சாமி கண்ணக் குத்தும், பொய் சொல்லாத” என்றாள் அம்மா. நான் மாமாவைப் பார்த்தேன். “புள்ளைய விடுங்க. அவ சொன்னத நான் எழுதிட்டேன்” என்றார் அவர். தட்டில் வைத்த அடையைத் தொடவே இல்லை.

எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: மாமா இரண்டு வருஷமாகக் காத்திருந்த இடத்தில் நான் முண்டியடித்து முன்னால் போய் நின்றுவிட்டேன். அவருக்கு வருத்தம். ஒருவேளை பொறாமை. சாயங்காலம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து, சொல்லவேண்டிய வாக்கியத்தைக் கிணற்றடியில் நின்று நாலு முறை சொல்லிப் பார்த்தேன்.

அதற்குள் போன் வந்தது. அத்தை கேட்டாள், “எப்ப வர்றீங்க?” இன்னும் ஒன்று பாக்கி என்பதற்காக நான் காத்திருந்தேன். மாமா அதைச் சொல்லவில்லை. “அவன்கிட்ட குடு” என்றார். கட்டைக் குரல் வந்ததும், “ஏதாச்சும் பேசுடா. என்ன வேணா பேசு” என்றார். அவன் பிரெஞ்சில் என்னென்னவோ சொன்னான். கால்பந்து என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. மாமா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். புருவம் சுருங்கவில்லை.

நான் வாக்கியத்தோடு போய் நின்றபோது அவர் பரண் மேல் ஏறிப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். “புடி புடி, கைப்புடி ஒடஞ்சிருக்கு, பாத்து” என்றார். பெட்டியைப் பிடித்ததில் வாக்கியம் எங்கேயோ விழுந்துவிட்டது.

பத்து நாளில் கிளம்பினார். தூக்கம் அங்கே போய் வந்ததா என்று எனக்குத் தெரியாது. இப்போதும் காலையில் உட்காருகிறாராம். எத்தனையாவது என்று அத்தை கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. நானும் இப்போது உட்காருகிறேன். யோகாவில் டிப்ளமோ வாங்கியிருக்கிறேன். இதழ் எண்ணிக்கையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். முட்டி இன்னும் ஆடத்தான் செய்கிறது. எதுவும் திறந்ததாக நான் யாரிடமும் சொல்வதில்லை.

மாடிப்படிக் கூண்டின் அலமாரியில் அந்த நோட்டை மாமா விட்டுப் போயிருந்தார். கல்லூரியில் சேர்ந்த வருஷம்தான் அதை முழுக்கப் படித்தேன். முதல் ஐந்து சக்கரங்களுக்கும் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். மணிபூரகத்தில் சூடு, அனாகதத்தில் மணியோசை, விசுத்தியில் நாக்கடியில் தித்திப்பு. அழகான வாக்கியங்கள். அவர் வைத்திருந்த புத்தகத்தையும் எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். அதே சூடு, அதே மணியோசை, அதே தித்திப்பு, அதே வரிசையில். ஆறாவதற்கு மட்டும் புத்தகத்தில் இருந்த எதையும் அவர் எழுதவில்லை. இரண்டு வருஷமும் தினம் ஒரே வார்த்தை: ‘ஒன்றுமில்லை.’ நான் பொய் சொன்ன நாளுக்கு நேரே இரண்டு வார்த்தை இருந்தது. ‘லைட்ஹவுஸ். ஏழு.’ அதற்குப் பிறகு நோட்டில் எழுத்தே இல்லை. அந்த வீட்டில் பிறந்து, அதே மாடியில் படுத்து வளர்ந்தவர் அவர். எனக்கு அது அன்று தோன்றவே இல்லை.

மாமா கிளம்பிய அன்று வாசலில் டாக்ஸி நின்றது. பெட்டியை ஏற்றிவிட்டு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார். கடைசியாக என்னிடம் வந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன், எங்கே எல்லார் முன்னாலும் கேட்டுவிடுவாரோ என்று. அவர் குனிந்து என் புருவ நடுவில் கட்டைவிரலை வைத்து லேசாக அழுத்தினார்.

“நானும் அஞ்சாவது வரைக்கும் இப்படித்தாண்டி வந்தேன்” என்றார்.

டாக்ஸி தெருமுனை திரும்பும் வரை கையாட்டினேன். அப்பாடா என்றிருந்தது. அதோடு ஒரு பெருமையும் சேர்ந்துகொண்டது. படிப்பில் அம்மாவும் அப்பாவும் சுமார்தான். என் கெட்டிக்காரத்தனம் யாரிடமிருந்து வந்தது என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். மாமாவிடமிருந்துதான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.